கன அடி, டி.எம்.சி., எம்.எல்.டி.: ஒரே பவானிக்கு மூன்று கணக்கு

மழைக்காலத்தில் மேட்டுப்பாளையத்துக்காரர்களுக்கு ஒரு செய்தி மனப்பாடம். பில்லூர் அணை 97 அடியைத் தொட்டுவிட்டது, உபரி நீர் திறக்கிறார்கள், பவானிக் கரையோரம் இருப்பவர்கள் மேடான இடத்துக்குப் போங்க. அணையின் முழு உயரம் 100 அடி. கூடவே ஓர் எண்ணும் வரும், உதாரணத்துக்கு "14 ஆயிரம் கன அடி" என்று. அந்த எண் பெரிசா சின்னதா என்று டீக்கடையில் கேட்டுப் பாருங்கள். "தண்ணி நிறைய வருதுங்க" என்பதைத் தாண்டி பெரும்பாலும் பதில் இருக்காது.

செய்தியில் ஒரு சொல் விட்டுப்போகிறது: "விநாடிக்கு". கன அடி என்பது வெறும் கொள்ளளவு, ஓரடி நீள அகல உயரமுள்ள பெட்டி நிறையத் தண்ணீர். விநாடிக்கு ஒரு கன அடி ஓடினால்தான் அது ஒரு கியூசெக். சிலர் "விநாடிக்கு 5,000 கியூசெக்" என்றும் எழுதிவிடுகிறார்கள். கியூசெக்கிலேயே விநாடி இருக்கிறது, இரண்டாவது விநாடி எதற்கு?

ஒரு கன அடி 28.317 லிட்டர். அப்படியானால் 14,000 கன அடி என்பது விநாடிக்கு கிட்டத்தட்ட 3 லட்சத்து 96 ஆயிரம் லிட்டர். 12,000 லிட்டர் பிடிக்கும் தண்ணி லாரி என்று வைத்துக்கொண்டால், கண்ணை ஒருமுறை சிமிட்டுவதற்குள் 33 லாரித் தண்ணீர் நம் பாலத்தைத் தாண்டிப் போகிறது. இப்படிச் சொன்னால் துணி துவைக்க ஆற்றில் இறங்குகிறவர் யோசிப்பார்.

சரி, கடையில் கிலோ, பங்க்கில் லிட்டர், ரோட்டில் கிலோமீட்டர் என்று எல்லாம் மாறிய நாட்டில், ஆறு மட்டும் ஏன் இன்னும் அடியில் ஓடுகிறது? இந்தக் கேள்விக்காகத்தான் கொஞ்ச நாளாகக் குறிப்புகள் சேர்த்துக்கொண்டிருந்தேன்.

ஏக்கருக்குப் பிறந்த அளவு

பழைய காலத்தில் பவானிப் பாசனத்துக்கு ஓட்டத்தை எண்ணால் சொல்லும் தேவை அதிகம் இல்லை. 13ஆம் நூற்றாண்டின் காலிங்கராயன் அணைக்கட்டும் கொடிவேரி அணைக்கட்டும் ஆற்றை மறித்து வாய்க்காலில் திருப்பும் வேலையைத்தான் செய்தன. வாய்க்காலில் வந்த தண்ணீரை மடை வழியாக முறை வைத்துப் பங்கிட்டால் போதும். அளவு என்பது நேரம்.

ஆங்கிலேயப் பொறியாளர்களுக்கு அது போதவில்லை. வரி வாங்க வேண்டும், கட்டுவதற்கு முன்பே எத்தனை ஏக்கர் பாயும் என்று மேலிடத்துக்குக் கணக்குக் காட்ட வேண்டும். 19ஆம் நூற்றாண்டில் ஆர்தர் காட்டன் மணிக்கு இத்தனை கன கெஜம் என்று எழுதினார். பிறகு நிலைத்தது விநாடிக்குக் கன அடிதான். ஏன் என்பதைப் போட்டுப் பார்த்தபோதுதான் எனக்குப் புரிந்தது.

ஒரு ஏக்கர் 43,560 சதுர அடி. ஒரு நாளில் 86,400 விநாடிகள். ஒரு கியூசெக் ஒரு நாள் முழுக்க ஓடினால் 86,400 கன அடி. இதை ஒரு ஏக்கரில் நிறுத்தினால் 1.98 அடி, அதாவது ஏறத்தாழ இரண்டு அடித் தண்ணீர். ஒரு மணி நேரம் ஓடினால் ஒரு ஏக்கரில் கிட்டத்தட்ட ஒரு இன்ச். கால்குலேட்டர் இல்லாத காலத்தில் வரப்பு மேல் நின்றே போடக்கூடிய கணக்கு! இப்படி ஏக்கரோடு பொருந்தி உட்கார்ந்த அளவு ஏக்கர் போனால்தான் போகும். நம்மூரில் யாராவது "எனக்கு இரண்டு ஹெக்டேர் இருக்குங்க" என்று சொல்லிக் கேட்டிருக்கிறீர்களா?

2,300 என்ற எண்

இதன் மிகத் தெளிவான உதாரணம் நமக்குக் கீழேயே இருக்கிறது. பவானிசாகர் அணை 1948இல் தொடங்கி 1955இல் முடிந்தது. கொள்ளளவு 32.8 டி.எம்.சி. ஒரு டி.எம்.சி. என்றால் ஆயிரம் மில்லியன், அதாவது நூறு கோடி கன அடி. இங்கிருந்து கிளம்பும் கீழ்பவானி வாய்க்கால் சுமார் 200 கிலோமீட்டர் ஓடி 2,07,000 ஏக்கருக்குப் பாய்கிறது. பாதிப் பரப்புக்கு ஒரு போகம், மறுபாதிக்கு அடுத்த போகம் என்று முறை. ஆக ஒரு முறைக்கு 1,03,500 ஏக்கர்.

வாய்க்காலில் திறப்பது விநாடிக்கு 2,300 கன அடி. 1,03,500ஐ 2,300ஆல் வகுத்துப் பாருங்கள். மிச்சமே இல்லாமல் 45. ஒரு கியூசெக்குக்கு 45 ஏக்கர்! நன்செய்க்குத் தண்ணீர் விடுவது 120 நாள். 2,300ஐ ஒரு நாளின் விநாடிகளாலும் 120 நாளாலும் பெருக்கினால் 23,846.4 மில்லியன் கன அடி வரும். பேச்சில் "24 டி.எம்.சி." என்கிறோமே, அது இதுதான்.

இப்போது இதை மெட்ரிக்கில் எழுதிப் பாருங்கள். விநாடிக்கு 65.13 கன மீட்டர், 41,885 ஹெக்டேர். எண்கள் சரிதான், ஆனால் 45 என்கிற முழு எண் காணாமல் போய்விட்டது.

அணை முடிந்த அடுத்த வருடம், 1956இல், எடை அளவுத் தரச் சட்டம் வந்தது. 1957 ஏப்ரலில் நயா பைசா, 1958 அக்டோபர் முதல் படிப்படியாக கிலோ. வள்ளம், படி, வீசை எல்லாம் சந்தையை விட்டுப் போயின. வியாபாரி தராசை மாற்றினால் போதும். அணையில் மாற்ற வேண்டியவை அதிகம்: சுவரில் அடிக்கோடு, மதகின் அட்டவணை, நீர்வரத்துப் பதிவேடு, எல்லாவற்றுக்கும் மேலாக ஒப்பந்தங்கள். காவிரி வழக்கில் 2018இல் உச்ச நீதிமன்றம் சொன்ன 177.25 என்பதும் டி.எம்.சி.தான். இரண்டு மாநிலங்கள் சண்டை போட்டு வாங்கிய எண்ணை யார் போய் கன மீட்டருக்கு மாற்றிவிட்டு, புள்ளிக்குப் பின்னால் எத்தனை இலக்கம் என்று புதுசாக ஒரு சண்டையைத் தொடங்குவார்கள்?

லிட்டர் வந்த வழி

பாசனம் அடியில் நின்றுவிட, குடிநீர் லிட்டருக்குப் போனது. வீட்டுக்கு வீடு குழாய், ஆளுக்கு இத்தனை லிட்டர் என்பது அந்தத் துறையின் கணக்கு. அதனால் அவர்கள் பேசுவது எம்.எல்.டி., அதாவது நாளொன்றுக்குப் பத்து லட்சம் லிட்டர். சிறுவாணி நீருக்கு கேரளத்தோடு 1973இல் போட்ட ஒப்பந்தம் ஆண்டுக்கு 1.3 டி.எம்.சி. என்று பேசுகிறது. கோவைக்கு வரும் குழாயிலோ எம்.எல்.டி. போட்டுப் பார்த்தால் நாளுக்குச் சுமார் 101 எம்.எல்.டி.

இங்கேதான் பிரச்சினை. 2024 பிப்ரவரியில் கோவைக்காக பில்லூர் மூன்றாவது குடிநீர்த் திட்டம் தொடங்கியது, அளவு 178.3 எம்.எல்.டி. அதே ஆண்டு ஆகஸ்டில் அத்திக்கடவு-அவிநாசித் திட்டம் தொடங்கியது. காலிங்கராயன் அணைக்கட்டுக்குக் கீழே உபரி நீரை விநாடிக்கு 250 கன அடி வீதம் 70 நாள் எடுத்து, மேலே ஏற்றி, 1,045 குளம் குட்டைகளுக்கு விடுவது. கீழ்பவானிக்கு 2,300 கன அடி. மூன்றும் ஒரே பவானி, பேசும் பாஷைதான் வேறு வேறு. ஊரில் வாக்குவாதம் வரும்போது ஒருவர் "178 மில்லியன்" என்று மிரள்கிறார், இன்னொருவர் "வெறும் 250தானே" என்கிறார்.

ஒரே அளவுக்குக் கொண்டு வருவோம். ஒரு கியூசெக் ஒரு நாள் ஓடினால் 2.447 எம்.எல்.டி. எனவே 178.3 எம்.எல்.டி. என்பது 73 கியூசெக். ஓட்டத்தின்படி வரிசை: கோவைக் குடிநீர் 73, அத்திக்கடவு 250, கீழ்பவானி 2,300. "பார்த்தீங்களா, குடிநீர் ரொம்பக் கம்மி" என்று இதோடு நிறுத்திவிடுகிறார்கள். நிறுத்தக் கூடாது.

குடிநீர்க் குழாய்க்கு லீவு கிடையாது, 365 நாளும் ஓடும். ஆண்டுக் கணக்கில் அது 2.3 டி.எம்.சி. அத்திக்கடவு 70 நாளில் எடுப்பது 1.51 டி.எம்.சி. கீழ்பவானி நன்செய் முறை மட்டும் 23.85. பெரியது பெரியதாகவே இருக்கிறது, ஆனால் முதல் இரண்டும் இடம் மாறிவிட்டன! ஓட்டம் வேறு, மொத்தம் வேறு. நடுவில் நாட்களின் எண்ணிக்கையைக் கேட்காமல் எந்த ஒப்பீடும் செல்லாது.

இன்னொன்றும் உண்டு. ஆற்றில் 14,000 ஓடும்போது 73 என்பது கண்ணுக்கே தெரியாது. கோடையில் வரத்து சில நூறு கன அடிக்கு இறங்கும்போது அதே 73 பெரிய பங்கு. குடிநீர்தான் முதல் உரிமை என்பதில் எனக்கு மாற்றுக் கருத்து இல்லை. ஆனால் அந்தப் பங்கு எவ்வளவு என்று கீழே இருக்கும் விவசாயிக்கு அவருடைய கணக்கிலேயே சொல்ல வேண்டும். அதை எம்.எல்.டி.யில் சொல்வது, சொல்லாமல் இருப்பதற்குச் சமம்.

இன்ச் கணக்கு

ஆற்றுக்கு வெளியே கொங்கு நாட்டில் நான்காவது அளவு ஒன்றும் இருக்கிறது. "போர்ல ரெண்டு இன்ச் தண்ணி" என்கிறோமே, அது. திருச்செங்கோட்டு ரிக் வண்டிகள் ஊரெல்லாம் பரப்பிய பேச்சு. வி வடிவத்தில் வெட்டிய தகட்டில் தண்ணீரை வழியவிட்டு, அது நிற்கும் உயரத்தை அளக்கும் முறை இது. செங்கோண வெட்டாக இருந்தால் ஒரு இன்சுக்கு நிமிடத்துக்குச் சுமார் 9 லிட்டர். இரண்டு இன்சுக்கு 18 என்று நினைக்காதீர்கள், சுமார் 50! உயரம் இரண்டு மடங்கானால் ஓட்டம் ஐந்து மடங்குக்கும் மேல். "அரை இன்ச் தானே குறைஞ்சிருக்கு" என்று ஆறுதல் சொல்லும்போது இதை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள். பம்ப் வாங்கும்போது கேலன் கணக்கு கண்ணில் பட்டால், எந்த கேலன் என்றும் கேளுங்கள். பிரிட்டிஷ் கேலன் 4.546 லிட்டர், அமெரிக்க கேலன் 3.785.

கைவசம் வைத்துக்கொள்ள நாலே எண்கள்:

- விநாடிக்கு ஒரு கன மீட்டர் = 35.3 கன அடி
- எம்.எல்.டி.யை 2.45ஆல் வகுத்தால் கியூசெக்
- 11,574 கியூசெக் ஒரு நாள் ஓடினால் ஒரு டி.எம்.சி.
- 77.6 எம்.எல்.டி. வருடம் முழுக்க ஓடினால் ஒரு டி.எம்.சி.

அடுத்த முறை தண்ணீர்ப் பங்கீடு பற்றி யாராவது ஓர் எண்ணைச் சொன்னால், இரண்டே கேள்வி கேளுங்கள்: எந்த அளவுங்க? எத்தனை நாளைக்குங்க?