பொருத்தம்

அக்கா மகனுக்கு மூன்று வயது. தூங்கும் நேரம் தினமும் மாறும். புதுமுகம் யாராவது வந்தால் வீடே அதிரும். "அப்படியே உன்ன மாதிரி" என்பார் அம்மா. பாலர் பள்ளியில் ஓர் ஆசிரியை எனக்கு வைத்த பெயர் 'அடங்காப்பிடாரி'. இருபது வருடத்துக்கு மேல் ஆகியும் அந்தச் சொல் எங்கள் வீட்டில் சாகவில்லை. அதனால்தான் இந்த வரலாற்றைத் தேடிப் போனேன்.

1950களில் அமெரிக்க மனநல மருத்துவத்தில், பிள்ளைக்கு எது நேர்ந்தாலும் கூண்டில் நிற்பது பெரும்பாலும் அம்மாதான். அலெக்சாண்டர் தாமஸ், ஸ்டெல்லா செஸ் என்ற மருத்துவத் தம்பதிக்கு இதில் சந்தேகம். 1956இல் நியூயார்க்கில் கைக்குழந்தைகளைப் பின்தொடரத் தொடங்கினார்கள். மொத்தம் 133 பேர். பெரியவர்களாகும் வரை விடவில்லை. உறக்க ஒழுங்கு, கவனச்சிதறல், விடாப்பிடி என ஒன்பது கூறுகளைக் கவனித்தார்கள். சுமார் 40 விழுக்காட்டினர் சுலபமானவர்கள், 15 மெல்லப் பழகுபவர்கள், 10 'கடினமானவர்கள்'. மீதி 35 எந்தப் பெட்டியிலும் அடங்கவில்லை. (எனக்குப் பிடித்தது இந்த மீதிதான்.)

கடினமானவர்களில் சுமார் 70 விழுக்காட்டினருக்குப் பின்னாளில் நடத்தைச் சிக்கல் வந்தது. இதோடு நிறுத்தியிருந்தால் ஆசிரியை ஜெயித்திருப்பார். ஆனால் அதே நகரத்துப் போர்ட்டோ ரிக்கோ தொழிலாளர் குடும்பங்களையும் இவர்கள் பார்த்தார்கள். பிள்ளை எப்போது தூங்கினாலும் அங்கே யாரும் அலட்டிக்கொள்ளவில்லை. பள்ளிக்கூடம் தொடங்கி, காலையில் எழவேண்டி வந்த பிறகுதான் அது பிரச்சினையானது. பிள்ளை மாறவில்லை, பிள்ளையிடம் கேட்டதுதான் மாறியது. இதைத்தான் 'பொருத்தம்' என்றார்கள். நாம் அதைக் கல்யாணத்துக்கு மட்டும்தான் பார்க்கிறோம்.

சுயக்கட்டுப்பாட்டுக்கும் இப்படி ஒரு கதை இருக்கிறது. வால்டர் மிஷலின் மார்ஷ்மெல்லோ சோதனை பலருக்குத் தெரியும். அதற்கு முன்பே, 1958இல் அவர் வெளியிட்ட ட்ரினிடாட் ஆய்வு அவ்வளவாகத் தெரியாது. இப்போதே சின்ன மிட்டாயா, பிறகு பெரியதா? ஒப்பந்தக் கூலிகளாகப் போன இந்தியர்களின் வாரிசுகள், ஆப்பிரிக்க வம்சாவளிப் பிள்ளைகளைவிட அதிகமாகக் காத்திருக்கச் சம்மதித்தார்கள். நம்மாட்கள் மார்தட்டுவதற்குள் இதையும் படிக்கணும்: அப்பா வீட்டில் இல்லாத பிள்ளைகளே உடனடி மிட்டாயை அதிகம் எடுத்தார்கள். 2013இல் இதழில் வெளியான ரோசெஸ்டர் பல்கலைக்கழக ஆய்வில், பெரியவர் வாக்குத் தவறியதைப் பார்த்த பிள்ளைகள் சராசரியாக 3 நிமிடமே காத்திருந்தார்கள். வாக்கைக் காப்பாற்றியவரிடம் 12 நிமிடம். பொறுமை என்பது பாதி நம்பிக்கை என்றுதான் எனக்குப் படுகிறது.

இதையெல்லாம் அம்மாவிடம் சொன்னேன். "அப்ப நீ அடங்காப்பிடாரி இல்லையா?" என்று சிரித்தார். அக்கா மகனுக்கு வருகிற ஆண்டு பாலர் பள்ளி. காலையில் எப்படி எழுப்புவது என்று அக்கா இப்போதே கவலைப்படுகிறார்.