மலையேறிய மணல்

திப்பு சுல்தான் வீழ்ந்து மூன்று வருடம்தான் ஆகியிருந்தது. மைசூர் ராஜ்ஜியத்தின் கிழக்கு எல்லையை அளக்கும் வேலை லெப்டினன்ட் ஜான் வாரனிடம் வந்து சேர்ந்தது. பிரெஞ்சுக் குடும்பத்தில் பிறந்து ஆங்கிலேயப் படையில் சேர்ந்தவர் அவர். 1802இல் கோலார் பக்கம் அளந்துகொண்டிருந்தபோது, இந்த மண்ணில் ஊர்க்காரர்கள் தங்கம் எடுக்கிறார்கள் என்ற பேச்சு அவர் காதில் விழுந்தது. கொண்டுவந்து காட்டினால் வெகுமதி என்றார். உரிகம் கிராமத்தார் மாட்டுவண்டியில் கொண்டுவந்து கொட்டியதோ வெறும் மண். அவர் கண்ணெதிரே அதைக் கழுவத் தொடங்கினார்கள். சேறு ஓடி முடிந்ததும் அடியில் மஞ்சள் துகள்கள் தெரிந்தன.

வாரன் எழுதிவைத்ததை நம்பி இடையில் சிலர் தோண்டிப் பார்த்தார்கள்; ஒன்றும் தேறவில்லை. 1871இல் நியூசிலாந்துப் போர் முடிந்து பெங்களூருக்கு வந்த மைக்கேல் லாவெல் என்ற அயர்லாந்துச் சிப்பாய் வாரனின் அந்தப் பழைய கட்டுரையைப் படித்தார். நியூசிலாந்தில் தங்க வேட்டையைப் பார்த்த கண் சும்மா இருக்குமா? மாட்டுவண்டி கட்டிக்கொண்டு கோலாருக்குக் கிளம்பிவிட்டார். மைசூர் அரசிடம் விண்ணப்பம் போட்டு உரிமமும் வாங்கினார். ஆனால் சுரங்கம் வெட்ட ஆசை மட்டும் போதாது. கையிருப்பு கரைந்தது. உரிமை கைமாறி, 1880இல் லண்டனின் ஜான் டெய்லர் அண்ட் சன்ஸ் நிறுவனத்தின் பொறுப்புக்கு வந்தது. அவர்களும் பணத்தைக் கொட்டிக்கொண்டே இருந்தார்கள். தங்கம்தான் வரவில்லை.

மூடிவிடலாம் என்ற பேச்சு பங்குதாரர்களிடையே வலுத்தது. மிச்சமிருந்த சொற்பப் பணத்தையும் வைத்துக் கடைசியாக ஒரு கை பார்ப்பது என்று முடிவாயிற்று. களத்தில் இருந்த கேப்டன் பிளம்மர் புதிய இடம் எதையும் தேடி அலையவில்லை. பெயர் தெரியாத பழங்காலத்து ஆட்கள் வெட்டிவிட்டுப் போன குழிகளைப் பார்த்தார். தண்ணீர் ஊறியதும் அவர்கள் நிறுத்தியிருந்தார்கள். அவர்கள் விட்ட இடத்துக்குக் கீழே இறங்கினார் பிளம்மர். 1880களின் நடுவில், சாம்பியன் ரீஃப் என்று உலகம் பின்னால் அறிந்துகொண்ட தங்கப் படிவு அங்கேதான் சிக்கியது. வடார்க்காடு, சித்தூர், சேலம் பக்கங்களிலிருந்து தமிழர்கள் குடும்பம் குடும்பமாக வந்து சேர்ந்தார்கள். கோலார் தங்கவயல் பிறந்தது. கூடவே ஒரு தலைவலியும் பிறந்தது.

சுரங்கத்திலிருந்து வந்த கல்லை ஸ்டாம்ப் மில்லில் போட்டு இடித்தார்கள். கனத்த இரும்பு உலக்கைகள் இரவு பகலாக ஏறி இறங்க, கல் சேறாகி, பாதரசம் பூசிய செப்புத் தகட்டின்மேல் வழிந்தோடும். தங்கம் பாதரசத்தில் ஒட்டிக்கொள்ளும், மற்றது வெளியேறும். ஆனால் பொடியிலும் பொடியான தங்கம் ஒட்டாமல் நழுவிக் கழிவு மணலோடு போய்க்கொண்டிருந்தது. மணலைக் கொட்டிய மேடுகளில் நல்ல தங்கம் கிடக்கிறது என்பது தெரியும். எடுக்க வழி தெரியாது.

அந்த வழி எட்டாயிரம் கிலோமீட்டருக்கு அப்பால், கிளாஸ்கோ நகரில் ஏற்கெனவே ஒருமுறை குப்பைக்குப் போயிருந்தது.

ஜான் ஸ்டூவர்ட் மெக்ஆர்தர் என்ற வேதியியலாளரும் ஃபாரஸ்ட் சகோதரர்களும் தங்கத்தைக் கரைக்கும் திரவம் தேடி ஒவ்வொன்றாகச் சோதித்துக்கொண்டிருந்தார்கள். கரைந்ததா என்று கண்டுபிடிக்க, அழுகிய முட்டை நாற்றமடிக்கும் ஹைட்ரஜன் சல்பைடு வாயுவைச் செலுத்துவார்கள். தங்கம் கரைந்திருந்தால் அடியில் படியும். 1886 நவம்பரில் சயனைடு கரைசலின் முறை. வாயுவைச் செலுத்தினார்கள், ஒன்றும் படியவில்லை. தோல்வி என்று ஒதுக்கிவிட்டார்கள்.

மறு வருடம் அந்தச் சோதனைகளின் மிச்சத்தை மறுபடி ஆராய்ந்தபோதுதான் விஷயம் வெளியே வந்தது. கல்தூளில் இருந்திருக்க வேண்டிய தங்கத்தைக் காணோம்! சயனைடு அதை முழுங்கியிருந்தது. முழுங்கியதை ஹைட்ரஜன் சல்பைடுக்குக் காட்டிக்கொடுக்காமல் கெட்டியாகப் பிடித்துவைத்திருந்தது, அவ்வளவுதான். தவறு திரவத்தில் இல்லை, சோதித்த முறையில். 1887இல் காப்புரிமை வாங்கினார்கள். அதைத் தென்னாப்பிரிக்க நீதிமன்றம் 1896இல் செல்லாது என்று சொல்லிவிட்டது தனிச் சோகம். கண்டுபிடித்தவர்களைவிட மற்றவர்கள்தான் அதில் அதிகம் சம்பாதித்தார்கள்.

1890களில் அந்த விஷம் தங்கவயலுக்கு வந்து சேர்ந்தது. பெரிய தொட்டிகளில் மணலை நிரப்பிச் சயனைடு கரைசலை ஊற்றினார்கள். அது வடிந்து கீழே வரும்போது தங்கத்தையும் கூட்டிக்கொண்டு வந்தது. அதைத் துத்தநாகச் சீவல்கள் வழியாக ஓடவிட்டால் தங்கம் படிந்துவிடும். கைவிட்டுப்போன தங்கம் கைக்கு வந்தது. இனி எஞ்சியது தங்கம் உருவப்பட்ட சக்கை. அதை எங்கே கொட்டுவது?

பக்கத்திலேயே கொட்டினார்கள். 1902இல் சிவசமுத்திரத்திலிருந்து மின்சாரம் வந்தது. சுரங்கம் இன்னும் ஆழமாயிற்று. மேடு இன்னும் உயர்ந்தது. மைசூர் ரெசிடென்டாக இருந்த சர் டொனால்டு ராபர்ட்சன் பெயரில் ராபர்ட்சன்பேட்டை என்ற ஊர் எழுந்தது. வெள்ளைக்காரன் போனான், 1956இல் சுரங்கம் அரசுடைமை ஆனது, கொட்டுவது மட்டும் நிற்கவில்லை. நூற்றிருபது வருடத்தில் எடுத்த தங்கம் சுமார் 800 டன். 13 மேடுகளில் கிடக்கும் மணல் சுமார் 3.3 கோடி டன். வகுத்துப் பார்த்தால், இங்கிருந்து போய்க் கல்யாணப் பெண் கழுத்தில் ஏறிய ஒவ்வொரு சவரனுக்கும் இங்கே 330 கிலோ மணல் கிடக்கிறது. நகைக்கடை ரசீதில் இந்தக் கணக்கு வருவதில்லை.

2001 பிப்ரவரி 28 அன்று சுரங்கம் மூடப்பட்டது. வேலை போயிற்று, இளசுகள் பெங்களூருக்கு ரயில் ஏறின. அப்போதுதான் வெளியூர்க்காரர்கள் வரத் தொடங்கினார்கள். சுரங்கம் பார்க்க அல்ல, கேமராவும் கையுமாக மணல்மேடு பார்க்க!

ராபர்ட்சன்பேட்டைக்காரர்கள் பிறந்ததிலிருந்து பார்த்துச் சலித்த சயனைடு மலை அதுதான். மழை கீறிய ஓடைகள் சரிவெங்கும் இறங்குகின்றன. வெயிலில் காய்ந்த மேல்தோல் அப்பளமாக நொறுங்கி, கால் கணுக்கால் வரை புதைகிறது. உச்சியில் நின்றால் தொழிலாளர்களின் லைன் வீடுகளின் வரிசைகளும், துருப்பிடித்த ஷாஃப்ட் கோபுரங்களும், தொலைவில் ஆந்திர எல்லைப் பக்கத்து மலைகளும் ஒரே வீச்சில் தெரியும். 2018இல் வந்த 'கே.ஜி.எஃப்' படத்தை இங்கே எடுத்த பிறகு கூட்டம் இன்னும் கூடிற்று. காற்று வீசும் மாதங்களில் அதே மணல் லைன் வீடுகளின் சோற்றுப் பானைவரை வந்து படிவது அந்தக் கூட்டம் எடுக்கும் படங்களில் தெரியாது. காலம்காலமாக அதைப் பற்றி மனு கொடுத்துக்கொண்டிருப்பவர்களுக்குத்தான் தெரியும்.

மலைக்கு இன்னொரு திருப்பம் மிச்சமிருக்கிறது. சயனைடும் கொஞ்சம் தங்கத்தை விட்டுவைத்திருக்கிறது. ஒரு டன் மணலில் ஒரு கிராம்கூடத் தேறாதுதான். ஆனால் இன்றைய விலையில் அதுவும் காசு. 2024 ஜூனில், 13 மேடுகளையும் ஏலம் விடக் கர்நாடக அமைச்சரவை இசைவு தந்தது.