தானே மறுதொடக்கம் ஆகும் கணினி: ஒரு பழுதின் வரலாறு

வீட்டுக் கணினி எச்சரிக்கை ஏதுமின்றி அணைந்து மீண்டும் தொடங்கும்போது அதையே பழுது என்று பயனர் எண்ணுவது இயல்பு; ஆயினும் அதன் வரலாற்றைப் பின்தொடர்ந்தால், மறுதொடக்கம் பெரும்பாலும் வேறொரு பழுதிலிருந்து தரவையும் பொறியையும் காக்க வடிவமைப்பாளர்கள் திட்டமிட்டு அமைத்த தற்காப்பாகவே தொடங்கியது தெரியவரும். அத்தற்காப்பு நாளடைவில் காரணத்தைச் சொல்லாமலே செயல்படத் தொடங்கியதுதான் பழுது நீக்குவோரின் வேலையை இவ்வளவு கடினமாக்கியது.

1981 ஆகஸ்டில் ஐபிஎம் வெளியிட்ட தனிநபர் கணினியின் மின்வழங்கி 63.5 வாட் திறனே கொண்டது. அதிலிருந்து மதர்போர்டுக்குச் சென்ற கம்பிகளுள் ஒன்று, எல்லா மின்னழுத்தங்களும் உரிய அளவில் உள்ளன என்று தெரிவிப்பதற்காக மட்டுமே இருந்தது. 'பவர் குட்' எனப்படும் இச்சமிக்ஞை வரும்வரை செயலி இயங்கத் தொடங்காது. இடையில் அது விலகினால் செயலி நிறுத்தப்பட்டு, திரும்பி வந்ததும் முதலிலிருந்து தொடங்கும். 1995இல் இன்டெல் வகுத்த ஏடிஎக்ஸ் தரமும் இம்முறையைத் தக்கவைத்துக்கொண்டதோடு, வெளி மின்சாரம் நின்ற பின்னும் ஏறத்தாழ 16 மில்லி வினாடி வரை இச்சமிக்ஞை நிலைத்திருக்க வேண்டும் என்றும் வரையறுத்தது. மின்தடை மிகுந்த நம் ஊர்களில் இந்த எண்ணுக்குத் தனி முக்கியத்துவம் உண்டு. மின்சாரம் நின்றதும் வீட்டு யுபிஎஸ் பேட்டரிக்கு மாற எடுத்துக்கொள்ளும் சில மில்லி வினாடிகளை எஸ்எம்பிஎஸ் எனப்படும் மின்வழங்கி தன் சேமிப்பைக் கொண்டு கடக்க வேண்டியிருப்பதால், அதன் உள்ளே உள்ள மின்தேக்கி வயதாகி வறண்டுவிட்டால், யுபிஎஸ் நன்றாக இருந்தும் கணினி மறுதொடக்கம் ஆகிவிடும்.

அந்த முதல் கணினி காரணம் சொல்லவும் தெரிந்திருந்தது. நினைவகத்தின் ஒவ்வொரு 8 பிட்டுக்கும் 'பேரிட்டி' என்ற ஒரு சரிபார்ப்பு பிட் இணைக்கப்பட்டிருந்ததால், சேமித்த தரவு மாறிவிட்டது தெரிந்தவுடன் அது திரையில் அறிவித்துவிட்டு நின்றுவிடும். 1990களின் நடுப்பகுதியில் செலவைக் குறைப்பதற்காக வீட்டுக் கணினிகளிலிருந்து இந்தக் கூடுதல் பிட் கைவிடப்பட்டது. விலை குறைந்தது, ஆனால் பழுதான ராம் தன்னைக் காட்டிக்கொள்ளாமல் வேறெங்கோ கோளாறாக வெளிப்படும் நிலையும் வந்தது. கிறிஸ் பிரேடி 1994இல் வெளியிட்ட மெம்டெஸ்ட்86 போன்ற சோதனை நிரல்கள், வன்பொருள் தானே செய்துவந்த இக்காவலைப் பயனரின் பொறுப்பாக்கின.

மென்பொருளின் பக்கத்திலும் இதே போக்குதான். 2001 அக்டோபரில் வெளியான விண்டோஸ் எக்ஸ்பி, கடுமையான பிழை நேர்ந்தால் நீலத்திரையில் பிழைக்குறியீட்டைக் காட்டினாலும், உடனே தானாக மறுதொடக்கம் ஆகும்படி முன்னிருப்பாகவே அமைக்கப்பட்டிருந்தது. ஆளில்லாமல் இயங்கும் வழங்கிக் கணினிக்குப் பொருத்தமான இந்த ஏற்பாடு, வீட்டில் திரைமுன் அமர்ந்திருப்பவருக்குக் குறியீட்டைப் படிக்க ஒரு நொடிகூடத் தரவில்லை. ஆகவே அந்த அமைப்பை முதலில் நீக்குவதே பழுது நீக்குவோரின் வழக்கமாயிற்று. 2003 ஆகஸ்ட் 11 அன்று தலைகாட்டிய பிளாஸ்டர் புழு, தொலைச் செயல்முறை அழைப்புகளைக் கையாளும் ஆர்பிசி சேவையைக் குலைத்ததால், 60 விநாடிகளில் கணினி அணையும் என்ற அறிவிப்பு எண்ணற்ற திரைகளில் தோன்றியது. அதற்கான திருத்தம் சூலை 16 அன்றே வெளியாகியிருந்தும், அதைப் பதிவிறக்கி முடிக்கும் முன்பே பல கணினிகள் மறுபடி அணைந்தன. அணைப்பை நிறுத்தும் கட்டளையை அந்த ஒரு நிமிடத்துக்குள் தட்டச்சு செய்தவர்களால் திருத்தத்தை நிறுவ முடிந்தது.

புழுவைத் தேடி ஓய்ந்த பலரின் கணினியில் உண்மைக் குற்றவாளி மதர்போர்டிலேயே இருந்தது. செயலிக்குத் தேவையான ஏறத்தாழ 1.5 வோல்ட் மின்சாரத்தைச் சீராக்க அதனருகே வரிசையாக நிறுத்தப்பட்டிருந்த உருளை வடிவ அலுமினிய மின்தேக்கிகள், 1999க்கும் 2007க்கும் இடைப்பட்ட ஆண்டுகளில் பெருமளவில் கெட்டன. நீர் கலந்த மின்பகுளி அலுமினியத்தை அரிக்காமல் தடுக்க வேண்டிய சேர்மங்கள் தைவானில் தயாரான பல மின்தேக்கிகளில் போதாமல் இருந்ததால், உள்ளே ஹைட்ரஜன் வாயு உருவாகி அழுத்தம் பெருகியது. வெடிப்பைத் தவிர்ப்பதற்காகக் குறுக்காகக் கீறப்பட்டிருந்த தட்டையான மேல்மூடி முதலில் மெல்ல உப்பும். பின்னர் கீறல் பிளந்து, பழுப்பு நிறக் கசிவு உலர்ந்து பொருக்காகப் படியும். சில மின்தேக்கிகளில் மூடி மாறாமல் அடியிலுள்ள ரப்பர் மட்டும் பிதுங்கியதால், நேர்பார்வைக்கு அவை நல்லவையாகவே தோன்றின. மின்தேக்கத் திறன் குறைந்து உள்மின்தடை கூடும்போது செயலிக்குச் செல்லும் மின்னழுத்தம் அலைபாயும். தொடக்கத்தில் விளையாட்டு போன்ற கடும் சுமையில் மட்டும் நிகழ்ந்த மறுதொடக்கம், சில வாரங்களிலோ மாதங்களிலோ இயக்கியவுடனேயே நிகழத் தொடங்கும். ஜப்பானிய நிறுவனமொன்றின் வாய்பாடு அரைகுறையாகத் திருடப்பட்டதே இதற்குக் காரணம் என்று 2002 முதல் பரவிய கதை மெய்ப்பிக்கப்படவில்லை. ஆனால் இழப்பு மெய்யானது. 2005இல் டெல் நிறுவனம் பழுதான ஆப்டிபிளெக்ஸ் மதர்போர்டுகளை மாற்றித்தர மட்டும் சுமார் 30 கோடி டாலரைச் செலவுக் கணக்கில் எழுதியது; ஆப்பிளும் ஐமேக் ஜி5 கணினிகளுக்கு இலவசப் பழுதுநீக்கத் திட்டத்தை அறிவித்தது. பொருட்செலவைவிட, குற்றமற்ற ராமையும் விண்டோஸையும் திரும்பத் திரும்ப மாற்றிச் சலித்த பயனர்களின் உழைப்பு வீணானதே வருந்தத்தக்கது. இதன்பின் திரவமற்ற பாலிமர் மின்தேக்கிகள் மதர்போர்டுகளில் பரவலாயின.

விண்டோஸ் 7 காலத்திலிருந்து, எதிர்பாராது அணைந்த கணினி மீண்டும் எழுந்ததும் நிகழ்வுப் பதிவேட்டில் 'கெர்னல்-பவர் 41' என்ற குறிப்பை எழுதுகிறது. அணைப்பு முறைப்படி நிகழவில்லை என்று மட்டுமே சொல்லும் இக்குறிப்பைக் காரணமாகவே எடுத்துக்கொள்வோர் பலர். அதனுள்ளே பிழைக்குறியீடு இருந்தால் இயங்குதளம் பிழையைக் கண்டறிந்து பதிந்திருக்கிறது என்று கொண்டு இயக்கி நிரல்களையும் நினைவகத்தையும் முதலில் ஆராயலாம். குறியீடு சுழியமாக இருந்தால், பதிவதற்கும் இடமின்றி அணைந்திருக்க வாய்ப்பு மிகுதி என்பதால் எஸ்எம்பிஎஸ், செயலியின் வெப்பம், மதர்போர்டு ஆகியவற்றிலிருந்தே சோதனையைத் தொடங்குகின்றனர்.