லாரியன் வெள்ளியும் சலாமிஸ் துடுப்புகளும்

கி.மு. 483 வாக்கில் ஏதென்ஸுக்கு எதிர்பாராத செல்வம் வந்தது. அட்டிகாவின் தென்கிழக்கு மூலையில் உள்ள லாரியன் சுரங்கங்களில் வெள்ளி ஏராளமாகக் கிடைத்தது. ஆளுக்குப் பத்து டிராக்மா வீதம் குடிமக்களுக்குப் பங்கு பிரித்துவிடலாம் என்றுதான் முதலில் பேச்சு. அரசியல் தலைவர் தெமிஸ்டோகிளிஸ் எழுந்து, அந்தப் பணத்தில் போர்க்கப்பல் கட்டுவோம் என்றார். தொலைவிலிருந்த பாரசீகத்தைக் காட்டாமல், பக்கத்துத் தீவான ஏஜினாவுடன் இருந்த தீராப் பகையையே காரணமாகச் சொன்னார். கைக்கு வரவிருந்த காசை மக்கள் விட்டுக்கொடுத்தார்கள். முன்பு பாரசீகர்களைத் தரையில் வென்ற மராத்தான் போரைவிடவும் ஏதென்ஸின் தலையெழுத்தை மாற்றியது இந்த முடிவுதான்.

கட்டியவை ட்ரைரீம் எனப்படும் கப்பல்கள். மூன்று அடுக்காக 170 பேர் உட்கார்ந்து, ஆளுக்கொரு துடுப்பு வலிப்பார்கள். முகப்பில் நீர்மட்டத்தை ஒட்டி வெண்கலம் போர்த்திய முட்டுமுனை. எதிரிக் கப்பலின் விலாவில் அதை மோதித் துளைப்பதே போர்முறை. கீழடுக்கில் இருப்பவருக்குக் கடலே தெரியாது. குழலோசைக்கு ஏற்பக் கை அசைய வேண்டும். திரைப்படங்கள் காட்டுவதுபோல் சங்கிலியில் பிணைத்த அடிமைகள் அல்ல இவர்கள். பெரும்பாலோர் ‘தீட்’ வகுப்பினர்: நிலமும் கவசமும் வாங்க வசதியில்லாத ஏழைக் குடிமக்கள்.

கி.மு. 480இல் பாரசீக மன்னர் செர்க்சீஸ் பெரும்படையோடு வந்து, மக்கள் வெளியேறியிருந்த ஏதென்ஸைக் கொளுத்தினார். தெமிஸ்டோகிளிஸ் தன் பிள்ளைகளைப் பார்த்துக்கொண்டிருந்த சிக்கினஸ் என்ற அடிமையைப் பாரசீகர்களிடம் இரகசியமாக அனுப்பினார். கிரேக்கர்கள் ஓடப்போகிறார்கள் என்பது செய்தி. நம்பிய பாரசீகக் கப்பல்கள் சலாமிஸ் தீவின் குறுகிய நீரிணைக்குள் நுழைந்து, தங்களுக்குள்ளேயே முட்டி நெரிந்தன. கரையில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்த செர்க்சீஸின் கண்முன்னே அவருடைய கடற்படை சிதைந்தது.

மராத்தானில் வென்றவர்கள் சொந்தச் செலவில் கவசம் வாங்கக்கூடிய வசதிக்காரர்கள். சலாமிஸில் வென்றதோ துடுப்பு வலித்த ஏழை. அதன்பின் நகரத்தின் வலிமையே கப்பல்களில் இருந்ததால், அந்த ஏழையின் குரலை ஒதுக்க முடியவில்லை. கி.மு. 462 வாக்கில் எஃபியால்டிஸ் என்ற தலைவர் பழைய பிரபுக்கள் மன்றத்தின் அதிகாரத்தைப் பெருமளவு குறைத்தார். பெரிக்ளிஸ் என்ற இன்னொரு தலைவர் நீதிமன்றத்தில் அமரும் குடிமக்களுக்கு ஊதியம் கொண்டுவந்தார். மக்களாட்சியை வெறுத்த ஒருவர் அந்த நூற்றாண்டில் எழுதிய சிறுநூல்கூட, கப்பலை ஓட்டுகிறவர்களுக்கு அதிகாரம் கிடைப்பது நியாயம்தான் என்று ஒப்புக்கொள்கிறது. தெமிஸ்டோகிளிஸுக்கு மட்டும் அந்த மக்களிடம் இடம் நிலைக்கவில்லை. ஓட்டாஞ்சில்லுகளில் அவர் பெயரைக் கீறி நாடு கடத்தினார்கள். பாரசீக மன்னரிடமே அடைக்கலம் புகுந்து, மெக்னீசியாவில் இறந்தார்.

ஆனால் இந்தக் கதையைத் துடுப்புக்காரரோடு முடித்தால் பாதியைத்தான் சொன்னதாகும். வெள்ளியை வெட்டியெடுத்தது யார்? லாரியனில் நிமிர்ந்து நிற்க முடியாத சுரங்க வழிகளில், எண்ணெய் விளக்கின் மங்கிய ஒளியில் அடிமைகள் தவழ்ந்து பாறை உடைத்தார்கள். தளபதி நிக்கியாஸ் 1,000 அடிமைகளைச் சுரங்கத்துக்கு வாடகைக்கு விட்டிருந்தார் என்று கிரேக்க எழுத்தாளர் ஜெனஃபோன் எழுதுகிறார். ஆளுக்கு நாளொன்றுக்கு ஓர் ஒபோல், அதாவது டிராக்மாவில் ஆறில் ஒரு பங்கு. எண்ணிக்கை குறையாமல் பார்த்துக்கொள்வது குத்தகைக்காரரின் பொறுப்பு. செத்தவனின் இடத்தில் இன்னொருவன் வர வேண்டும் என்பதே இதன் பொருள்.

கி.மு. 413இல், ஏதென்ஸோடு போரிட்டுவந்த ஸ்பார்ட்டாவின் படை அட்டிகாவின் டெக்கலியாவில் நிலையாகக் கோட்டை கட்டி அமர்ந்தது. அடுத்த சில ஆண்டுகளில் 20,000க்கும் மேற்பட்ட அடிமைகள் ஏதென்ஸை விட்டு ஓடினார்கள் என்கிறார் வரலாற்றாசிரியர் துசிடிடீஸ். அவர்களில் சுரங்க உழைப்பாளிகள் பலர் இருந்திருக்க வேண்டும். வெள்ளி வரத்து வறண்டது; வெற்றித் தேவதையின் தங்கச் சிலைகளை உருக்கி நாணயம் அடிக்க வேண்டியதாயிற்று.

கி.மு. 406இல் துடுப்பு வலிக்க ஆள் போதவில்லை. 110 கப்பல்களை ஒரே மாதத்தில் கிளப்ப, அடிமைகளையும் ஏற்றினார்கள். ஆர்கினூசை தீவுகளருகே ஸ்பார்ட்டாவின் கடற்படையை ஏதென்ஸ் வென்றது. அன்று துடுப்பு வலித்த அடிமைகளுக்கு விடுதலையோடு குடியுரிமையும் கிடைத்தது. லாரியன் வெள்ளியால் பிறந்த கடற்படை, அடிமையையும் குடிமகனாக்கியது அப்போதுதான். இரண்டே ஆண்டுகளில் ஏதென்ஸ் ஸ்பார்ட்டாவிடம் சரணடைந்தது. ஏதென்ஸ் வைத்துக்கொள்ளலாம் என்று ஸ்பார்ட்டா விட்ட கப்பல்கள் 12.