ரோபோ நின்றுபோனால் முதலில் பற்றரியைப் பாருங்கள்

பக்கத்து வீட்டுப் பிள்ளை ஒன்பதாம் தரம் படிக்கிறாள். பாடசாலைக் கண்காட்சிக்கென்று, கறுப்புக் கோட்டைப் பின்தொடர்ந்து ஓடும் சின்ன ரோபோ வண்டி ஒன்றைச் செய்திருந்தாள். கண்காட்சிக்கு மூன்று நாட்கள் இருக்கும்போது அதை ஒரு சப்பாத்துப் பெட்டிக்குள் வைத்துத் தூக்கிக்கொண்டு வந்தாள். சுவிச்சைப் போட்டால் விளக்கு எரிகிறது, சில்லுகள் ஒருமுறை துடிக்கின்றன, விளக்கு அணைந்து திரும்ப எரிகிறது. அதற்குமேல் ஒன்றுமில்லை.

“புதுப் பற்றரிதான் மாமா போட்டனான். புரோகிராம்தான் பிழை போல. ரெண்டு இரவா மாத்தி மாத்தி எழுதிப் பார்த்திட்டன்” என்றாள்.

வண்டியின் முதுகில் சதுரமான 9 வோல்ற் பற்றரி ஒன்று ஒட்டியிருந்தது. புரோகிராமை நான் திறந்தே பார்க்கவில்லை.

ரோபோ செய்யத் தொடங்கும் பிள்ளைகளில் பலர் இந்த இடத்தில்தான் மாட்டிக்கொள்கிறார்கள். மோட்டர் 6 வோல்ற், ஆர்டுயினோவுக்கு 7 முதல் 12 வோல்ற் வேண்டும், ஆகவே 9 வோல்ற் போதும் என்று கணக்குப் போடுகிறார்கள். கணக்கில் வோல்ற் மட்டும்தான் இருக்கிறது. அந்தப் பற்றரி ஒரே நேரத்தில் எத்தனை அம்பியர் தரும் என்ற கேள்வியை யாரும் கேட்பதில்லை.

1990களில் யாழ்ப்பாணத்தில் வளர்ந்தவர்களுக்கு இதை விளங்கப்படுத்தத் தேவையில்லை. பொருளாதாரத் தடைக் காலத்தில் பற்றரி இங்கே தடைசெய்யப்பட்ட பொருள். சைக்கிள் டைனமோவைச் சுற்றித்தான் வானொலிச் செய்தி கேட்டோம். எங்கள் வீட்டில் தீர்ந்த பற்றரிகளை வெயிலில் காயவைப்போம். காய்ந்த பற்றரியைப் போட்டால் வானொலி கொஞ்ச நேரம் முணுமுணுக்கும். அதே பற்றரியை ரோர்ச்சுக்குள் போட்டால் பல்ப் ஒருதரம் சிவந்து அணைந்துவிடும். வானொலி கேட்பது சிறிய மின்னோட்டம், பல்ப் கேட்பது பெரியது. பற்றரிக்குள் இருக்கும் தடை, பாடப்புத்தகம் அகத்தடை என்று சொல்கிறதே, அது பெரிய மின்னோட்டத்தை வெளியே விடாது.

அந்தச் சதுரப் பற்றரிக்குள் 1.5 வோல்ற் கலங்கள் ஆறு இருக்கின்றன. ஒவ்வொன்றும் மிகச் சிறியது. நல்ல அல்கலைன் வகையிலேயே மொத்த அகத்தடை புதிதில் 2 ஓம் அளவில் இருக்கும், பாவிக்கப் பாவிக்க ஏறும். மலிவான வகையில் தொடக்கத்திலேயே பல மடங்கு. இந்த வண்டிகளுக்குப் போடும் மஞ்சள் நிறக் கியர் மோட்டர் சும்மா சுற்றும்போது 150 மில்லியம்பியர் அளவில்தான் எடுக்கும். ஆனால் நின்ற நிலையிலிருந்து கிளம்பும் கணத்தில் ஓர் அம்பியரைத் தாண்டும். இரண்டு மோட்டரும் சேர்ந்து கிளம்பினால் 2 அம்பியர். 2 ஓமை 2 அம்பியரால் பெருக்குங்கள்: 4 வோல்ற் பற்றரிக்குள்ளேயே போய்விடுகிறது. மிஞ்சும் 5 வோல்ற்றில் ஆர்டுயினோ தள்ளாடும், பற்றரி கொஞ்சம் இறங்கியதும் அணைந்து திரும்பத் தொடங்கும். தொடங்கியதும் மோட்டரை இயக்கும், திரும்ப அணையும். பிள்ளை இரண்டு இரவு முழித்தது இதற்காகத்தான்.

சோதிப்பது சுலபம். மல்ரிமீற்றரைப் பற்றரி முனைகளில் பிடித்துக்கொண்டு, மோட்டர் ஓடும்போது சில்லை ஓரிரு செக்கன் கையால் தடுத்துப் பாருங்கள். அவளுடைய பற்றரி சும்மா இருக்கும்போது 9.3 காட்டியது. சில்லைப் பிடித்ததும் 4க்குக் கீழே விழுந்தது.

முதல் ரோபோவுக்கு நான் சொல்வது ஒன்றே: மீள மின்னேற்றக்கூடிய நிக்கல் மெற்றல் ஹைட்ரைட் வகை ஏஏ பற்றரிகள், கடையில் பென்ரோர்ச் பற்றரி என்று கேட்கும் அளவு. ஒன்று 1.2 வோல்ற்தான். “குறைவாக இருக்கிறதே” என்று பெற்றோர் தயங்குவார்கள். ஆனால் அகத்தடை மிகக் குறைவு, இரண்டு அம்பியரைச் சிரமமில்லாமல் தரும். ஆறு போட்டால் 7.2 வோல்ற். எல்298என் என்ற சிவப்பு மோட்டர் பலகையைப் பாவித்தால் அது தன் பங்குக்கு 2 வோல்ற் அளவில் தின்றுவிடும், மோட்டருக்கு 5 போகும், அது போதும். டிபி6612 போன்ற பலகை அவ்வளவு தின்னாது, அதற்கு நான்கைந்து பற்றரி போதும். அப்போது ஆர்டுயினோவை மட்டும் தனியாக ஒரு சிறிய பவர் பாங்கில் ஓட்டலாம். அப்படிப் பிரித்தால் இரண்டு வழங்கல்களின் மறை முனைகளையும் ஒரு வயரால் இணைக்க மறக்கவேண்டாம். மறந்தால் மோட்டர் பலகைக்குக் கட்டளை ஒழுங்காகப் போய்ச் சேராது.

எவ்வளவு நேரம் ஓடும்? வண்டி ஓடும்போது மொத்தமாக அரை அம்பியர் எடுக்கிறது என்று வைத்தால், 2000 மில்லியம்பியர் மணிப் பற்றரி கணக்குப்படி நான்கு மணித்தியாலம். மூன்றை நம்புங்கள். தொடக்கச் செலவு கூடத்தான், சார்ஜரும் வாங்கவேண்டும். ஆனால் பல நூறு தடவை மின்னேற்றலாம்.

ஈய அமில பற்றரியைச் சிலர் அவசர விளக்கிலிருந்து கழற்றி வருகிறார்கள். மின்னோட்டம் தாராளமாகத் தரும், பாரம்தான் பிரச்சினை. சின்ன வண்டி அதைச் சுமக்காது.

அன்று பின்னேரமே பிள்ளையின் தகப்பன் பழைய மடிக்கணினிப் பற்றரி ஒன்றோடு வந்தார். “அண்ணை, இதுக்குள்ள இருக்கிற லிதியம் கலங்களைக் கழட்டிப் போடலாமாம், வீடியோவில பார்த்தனான்.” போடலாம். 18650 என்று சொல்லும் அந்தக் கலங்கள் 18 மில்லிமீற்றர் விட்டமும் 65 மில்லிமீற்றர் நீளமும் கொண்டவை. பெயரே அளவுதான். இரண்டு போட்டால் 7.4 வோல்ற், நிறை 100 கிராமுக்குள். வளர்ந்தவர் ஒருவர் பக்கத்தில் இருந்தால் நல்ல தெரிவு. ஒன்பதாம் தரப் பிள்ளை தனியாகக் கையாளும் பொருளல்ல.

லிதியம் கலத்தை 4.2 வோல்ற்றுக்கு மேல் ஏற்றக்கூடாது, 3க்குக் கீழே இறங்கவிடக்கூடாது. நிக்கல் பற்றரிச் சார்ஜரில் ஒருபோதும் போடக்கூடாது. டிபி4056 என்ற சிறிய பலகை ஒரு கலத்துக்கு மட்டுமே உரியது. தொடராக இணைத்த இரண்டைச் சார்ஜ் செய்ய வேறு பலகை வேண்டும். கலத்தின் மேல் நேரடியாக ஈயம் பற்றவைக்காதீர்கள், பிளாஸ்ரிக் தாங்கி வாங்குங்கள். பாடசாலைப் பைக்குள் திறப்புகளோடும் சில்லறைக் காசோடும் போடாதீர்கள், முனைகள் தொட்டால் தீ. மெத்தையில் வைத்துச் சார்ஜ் போட்டுவிட்டுப் படுக்கப் போகாதீர்கள். சீமெந்து நிலம், கண் முன்னால்.

புதிதாக வாங்குவோருக்கு ஒரு எச்சரிக்கை. 9900 மில்லியம்பியர் மணி என்று அச்சடித்த 18650 கலங்கள் விற்கப்படுகின்றன. இந்த அளவில் நல்ல கம்பனிகளின் கலங்களே 3500ஐ ஒட்டித்தான் நிற்கின்றன. தராசில் வையுங்கள். நல்ல கலம் 45 கிராம் அளவில் இருக்கும். 30 கிராம்தான் என்றால் உள்ளே என்ன இருக்கிறதென்று நீங்களே ஊகிக்கலாம். வெளிநாட்டுச் சொந்தங்களிடம் கொண்டுவரச் சொல்வோரும் உண்டு. உதிரி லிதியம் பற்றரிகளை விமானத்தில் கைப்பையில்தான் கொண்டுவரலாம், ஏற்றி அனுப்பும் பெட்டிக்குள் வைக்கக்கூடாது. முனைகளுக்கு ரேப் ஒட்டச் சொல்லுங்கள்.

தகப்பன் கொண்டுவந்த பற்றரிக்குள் ஆறு கலங்கள். இரண்டு ஒரு வோல்ற்றுக்கும் கீழே கிடந்தன. அவ்வளவு இறங்கியதைத் திரும்ப ஏற்றுவது ஆபத்து, ஒதுக்கினோம். மற்ற நான்கையும் ஒவ்வொன்றாக ஏற்றியதில் ஒன்று கை வைக்க முடியாமல் சூடானது, அதையும் எடுத்து வெளியே வைத்தேன். மிஞ்சிய மூன்றையும் இரண்டு கிழமை சும்மா வைத்து, 4 வோல்ற்றுக்கு மேல் நிற்கிறதா என்று பார்க்கவேண்டும் என்றேன்.

“அப்ப கண்காட்சிக்கு உதவாது” என்றார் அவர்.

பிள்ளை அதற்குள் ஆறு நிக்கல் பற்றரிகளைத் தாங்கிக்குள் போட்டு முடித்திருந்தாள். இரண்டு இரவு மாற்றி எழுதியதையெல்லாம் விட்டுவிட்டு, முதல்நாள் எழுதிய புரோகிராமையே திரும்ப ஏற்றினாள். வண்டி விறாந்தையில் ஒட்டியிருந்த கறுப்பு ரேப்பைப் பிடித்துக்கொண்டு வளைவுவரை போனது. வளைவில் கோட்டை விட்டு விலகியது. அது புரோகிராம் பிழைதான்.