காமதேனுவும் மாவேலியும்
மளிகைக் கடைகளின் வரலாறு குறித்துச் சில குறிப்புகள்

1

ஒரே பெயர்ப்பலகையின் கீழ் ஊர் ஊராக நடக்கும் மளிகைக் கடைகளைப் பற்றி நம்மிடையே இரண்டு விதமான பேச்சு உண்டு. ஒன்று தோழர்களுடையது. மூலதனம் எல்லா ஊரையும் ஒரே ஊராக்கிவிட்டது. அதே கூடை, அதே ஏ.சி., அதே பில், அவ்வளவுதான் விஷயம் என்பார்கள். மற்றது வணிக மேலாண்மை படித்தவர்களுடையது. இல்லையில்லை, இடத்துக்கு இடம் கடை மாறுகிறது, காரணம் ஜனங்களின் நாக்கு என்பார்கள் இவர்கள். வடக்கே கோதுமை மாவும் கடுகெண்ணெயும், இங்கே இட்லி அரிசியும் நல்லெண்ணெயும், கேரளத்தில் மட்டை அரிசியும் தேங்காய் எண்ணெயும் விற்றால் தீர்ந்தது பிரச்சினை.

இரண்டுமே பாதி உண்மைதான். அலமாரியில் என்ன இருக்க வேண்டும் என்பதை நாக்கு தீர்மானிக்கலாம். அலமாரி யாருடையது என்பதை அது தீர்மானிப்பதில்லை.

பலகைகளில் எழுதியிருக்கும் பெயர்களை மட்டும் வரிசையாக வாசித்துப் பாருங்கள். பம்பாயில் 'அப்னா பஜார்'. டில்லியில் 'சூப்பர் பஜார்'. கேரளத்தில் 'மாவேலி ஸ்டோர்'. நம்மிடத்தில் கோவைக்குச் 'சிந்தாமணி', சென்னைக்குக் 'காமதேனு', வேலூருக்குக் 'கற்பகம்', மதுரைக்குப் 'பாண்டியன்', அரசின் நுகர்பொருள் வாணிபக் கழகத்துக்கு 'அமுதம்'. தனியார் கம்பெனிகள் வருவதற்கு முன்னால் இருந்த சங்கிலிக் கடைகள் இவை. தட்டுப்பாட்டுக் காலத்தில் அரிசி யார் கையிலிருந்து யார் கைக்குப் போக வேண்டும் என்ற கேள்விக்கு ஒவ்வொரு பிரதேசமும் சொன்ன பதில்கள் என்று இந்தப் பெயர்களை வாசிக்கலாம் என்பது என் எண்ணம்.

2

தொடக்கம் நம் ஊர்தான். 1904இல் காலனிய அரசு கூட்டுறவுச் சட்டம் கொண்டுவந்தபோது அது கடன் சங்கங்களுக்கு மட்டுமானது. மற்ற வகைச் சங்கங்களுக்கு 1912ஆம் ஆண்டுச் சட்டம்தான் வழி திறந்தது. ஆனால் 1904லேயே திருவல்லிக்கேணியில் ஒரு கூட்டுறவுப் பண்டகசாலை தொடங்கிவிட்டது. டி.யு.சி.எஸ். என்று இன்றைக்கும் சென்னைக்காரர்கள் சொல்கிற அந்தச் சங்கம், இந்தியாவின் மிகப் பழைய நுகர்வோர் கூட்டுறவுகளில் ஒன்று.

அதற்கு முன்மாதிரி 1844இல் இங்கிலாந்தின் ராச்டேல் ஊரில் 28 பேர் சேர்ந்து தொடங்கிய கடை. கலப்படமில்லாத சரக்கு, கடன் கிடையாது, வாங்கிய அளவுக்கு லாபத்தில் பங்கு, எத்தனை பங்கு வைத்திருந்தாலும் ஆளுக்கு ஒரே ஓட்டு. இவைதான் விதிகள். ராச்டேல்காரர்களில் பலர் நெசவாளிகள். திருவல்லிக்கேணியில் கூடியவர்களோ ஆங்கிலம் படித்த நடுத்தர வர்க்கம். விதிகள் கப்பலேறி வந்துவிட்டன, வர்க்கம் வரவில்லை. கூலிக்காரன் தன் வயிற்றுக்காகக் கண்டுபிடித்த கருவி இங்கே மாதச் சம்பளக்காரர்களின் சிக்கனமாக வந்து இறங்கியது. ஆனாலும் 'உறுப்பினர்' என்ற சொல் அதோடு கூடவே வந்தது. அந்தச் சொல்லைக் கொஞ்சம் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் தேவைப்படும்.

பம்பாயின் கதை வேறு. அங்கே 1948இல் நாய்காவ் பகுதியில், ஆலைத் தொழிலாளர்களின் சால்களுக்கு நடுவில் பிறந்த கடைதான் பிற்பாடு அப்னா பஜார் ஆனது. சங்கத்தின் முழுப் பெயரிலேயே 'காம்கார்', அதாவது தொழிலாளி, இருக்கிறான். 'அப்னா' என்றால் நம்முடையது. அந்த 'நம்' யார் என்பதில் அன்றைக்குக் குழப்பம் இருக்கவில்லை. 1982 ஜனவரியில் தொடங்கிய ஆலை வேலைநிறுத்தமும் அதைத் தொடர்ந்த ஆலை மூடல்களும் அந்த 'நம்'மையே கலைத்துப் போட்டன. பெயரில் இருந்த தொழிலாளி பெயரில் மட்டும் மிஞ்சினான்.

டில்லியில் தொழிலாளி, குமாஸ்தா இருவரையும் முந்திக்கொண்டு அரசே வந்தது. மத்திய அரசு ஊழியர்களுக்காக 1963இல் கேந்திரிய பண்டார். 1966 ஜூன் 6ஆம் தேதி ரூபாயின் மதிப்பு குறைக்கப்பட்டது. விலைவாசி பயம் பரவியது. அடுத்த மாதமே கன்னாட் பிளேஸில் சூப்பர் பஜார் திறந்தார்கள். பெயரில் கூட்டுறவு, நிர்வாகத்தில் அதிகாரிகள். அரசின் பயத்திலிருந்து பிறந்த கடை, அரசுக்கு அந்தப் பயம் போனதும் கேட்பாரற்றுப் போயிற்று. 2002இல் அது மூடப்பட்டது. எந்த மக்கள் இயக்கமும் அதன் பின்னால் நிற்கவில்லை, காரணம் எந்த மக்கள் இயக்கத்திலிருந்தும் அது வரவில்லை.

3

கேரளம் பணப்பயிர் விளைவித்து, அரிசியை வெளியிலிருந்து வாங்கிச் சாப்பிடும் நிலம். ரேஷன் அங்கே அன்றாட அரசியல். 1974இல் மாநில சிவில் சப்ளைஸ் கழகம் வந்தது. 1980இல் நாயனார் அமைச்சரவையில் உணவுத் துறையைக் கவனித்த இ. சந்திரசேகரன் நாயர் காலத்தில் மாவேலி ஸ்டோர்கள் தொடங்கின. மாவேலி என்பவன் வாமனனால் மிதித்து அழுத்தப்பட்ட அசுர மன்னன். அவன் ஆண்டபோது எல்லோரும் சமம், கள்ள அளவை கிடையாது என்பது ஓணத்துக்கு ஓணம் மலையாளிகள் புதுப்பித்துக்கொள்ளும் நினைவு. மளிகைக் கடைக்கு இதைவிடப் பொருத்தமான பெயர் கிடைக்குமா? தோற்கடிக்கப்பட்டவனின் பெயரில் எடை சரியாக இருக்க வேண்டும் என்ற உரிமைக் கோரிக்கை அது.

இப்போது நம் பெயர்களுக்கு வாருங்கள். 1962 சீனப் போருக்குப் பிறகு, விலையைக் கட்டுப்படுத்த நுகர்வோர் கூட்டுறவுகளை வளர்க்கும் திட்டம் ஒன்றை மத்திய அரசு கொண்டுவந்தது. மாவட்ட அளவில் மொத்த விற்பனைப் பண்டகசாலை, அதன் கீழே கிளைகள் என்பது அமைப்பு. தமிழ்நாட்டில் மாவட்டத்துக்கு மாவட்டம் வேறு பெயர் இருப்பதற்கு இந்த மாவட்ட அமைப்புதான் காரணம். காமதேனு பசு, கற்பகம் மரம், சிந்தாமணி கல். மூன்றும் கேட்டதைக் கொடுக்கும். மூன்றும் தேவலோகத்துச் சொத்து. கூடவே அமுதம். பாற்கடலைக் கடைந்த கதை தெரியும்தானே? கயிற்றின் ஒரு முனையைப் பிடித்து இழுத்தவர்கள் அசுரர்கள். பந்தியில் அமுதம் அவர்களுக்கு இல்லை.

அசுரர்களைத் திராவிடர்கள் என்று வாசிக்கக் கற்றுக்கொடுத்த இயக்கத்தின் மண்ணில் கடைக்குத் தேவர்களின் பொருள்கள் பெயராக இருக்கின்றன. திராவிட ஆட்சிகள் எதுவும் அவற்றை மாற்றவில்லை. அசுரனின் பெயரை வைத்தது பக்கத்து மாநிலத்து இடதுசாரி ஆட்சி. இதை வேடிக்கை என்று விட்டுவிட முடியாது. கொடுப்பது என்பதை இங்கே எப்படிப் புரிந்துகொண்டிருக்கிறோம் என்பதன் தடயம் இது. ஃபூக்கோவை இழுக்காமலே சொல்லலாம்: கேட்டதைக் கொடுக்கும் பசுவிடம் யாரும் கணக்குக் கேட்பதில்லை.

நியாயமாகச் சொல்ல வேண்டும்: நடைமுறை பெயரைவிட மேலானதாக இருந்தது. 1967இல் சென்னையிலும் கோவையிலும் ரூபாய்க்கு ஒரு படி அரிசி வந்தது. 1997இல் ஏழைகளைத் தனியே பிரித்துப் பட்டியல் போட்டு ரேஷன் கொடுக்கும் முறையை மத்திய அரசு கொண்டுவந்தபோது, எல்லோருக்குமான ரேஷனைத் தமிழ்நாடு விட்டுக்கொடுக்கவில்லை. 2011 முதல் அரிசி இலவசம். 30 ஆயிரத்துக்கும் மேற்பட்ட ரேஷன் கடைகளில் பெரும்பாலானவற்றைக் கூட்டுறவுகளே நடத்துகின்றன. இது சாதாரண சாதனை அல்ல. ஆனால் இந்த வழியில் எங்கோ 'உறுப்பினர்' காணாமல் போய் 'பயனாளி' வந்துவிட்டார். ஆளுக்கு ஒரு ஓட்டு என்ற ராச்டேல் விதியை எந்தப் பண்டகசாலை வாசலில் தேடுவது?

4

இதையெல்லாம் மேலிருந்து மட்டும் பார்த்துவிட்டுப் போயிடக் கூடாது. எங்கள் ஊர் வேலூர்ப் பக்கம். அங்கே ஒரு மளிகைக் கடையில் என் பாட்டி படியேற மாட்டாள். கீழே நின்று முந்தானையை ஏந்துவாள், சரக்கு மேலிருந்து விழும். சில்லறையைக் கல்லின் மேல் வைத்துவிட்டுத் தள்ளி நிற்பாள். ரேஷன் கடையில் வரிசை ஒன்றுதான், தராசு ஒன்றுதான். ஆனால் அந்தக் கடையும் ஊர்த்தெருவில்தான் இருந்தது. ஒருமுறை வேலூர்க் கற்பகத்துக்குக் கூட்டிப்போனோம். பையை வாசலில் கொடுத்து டோக்கன் வாங்கிக்கொண்டு உள்ளே போனவள், அலமாரிகளுக்கு நடுவே நின்று, "நாமளே எடுத்துக்கலாமா?" என்று இரண்டு தரம் கேட்டாள். துவரம் பருப்புப் பொட்டலத்தைக் கையில் வைத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். நுகர்வுக் கலாச்சாரம் பற்றி நான் படித்த எந்தக் கட்டுரையிலும் இந்தக் காட்சிக்கு இடமில்லை.

ஆகவே 'அண்ணாச்சி கடையைக் காப்போம்' என்று கோஷம் போடும்போது எனக்குக் குரல் பாதிதான் எழும்புகிறது. மீதிப் பாதி எழும்புவதற்கும் காரணம் இருக்கிறது. 1899 சிவகாசிக் கலவரம் வரை தாக்கப்பட்ட ஒரு சமூகம், கோயில் நுழைவு மறுக்கப்பட்ட ஒரு சமூகம், உறவின்முறை என்றும் மகமை என்றும் தனக்குள் பணம் திரட்டி, 1921இல் தூத்துக்குடியில் தனக்கென ஒரு வங்கி தொடங்கி, கடை கடையாக வடக்கே நகர்ந்து வந்த வரலாறு அது. பெயர்ப்பலகை ஒன்றாக இல்லை, அவ்வளவுதான். மற்றபடி அதுவும் ஒரு சங்கிலிதான். சொந்தக்காரர் கடையில் பையனாகச் சேர்ந்து, மூட்டைக்கு நடுவில் படுத்து, தொழில் கற்று, அடுத்த தெருவில் தனிக்கடை போடுவது. கணக்கு நோட்டில் கடனும் உண்டு, அது எந்தக் கம்பெனியும் தராத ஒன்று. ஆனால் சாதிக்குள் சுற்றும் முதல் அந்தச் சாதிக்கு ஏணி, வெளியே இருப்பவனுக்குச் சுவர். தலித் ஒருவர் பலசரக்குக் கடை போட்டால் ஊர்த்தெரு அங்கே எண்ணெய் வாங்க வருமா? நம் கூட்டறிக்கைகளில் இந்தக் கேள்வி இல்லை.

5

தனியார் கம்பெனிகள் வந்ததும் இந்தப் பழைய நிலத்தின் மேல்தான். 1996இல் சென்னையில் ஃபுட்வேர்ல்ட், 1997இல் அதே சென்னையில் சுபிக்‌ஷா. வடக்கைவிடத் தெற்கு முந்திக்கொண்டதற்கு நகரமயமாக்கல், படிப்பு என்று காரணம் சொல்கிறார்கள். பொட்டலம் கட்டி விலை எழுதிய சரக்கைக் கையால் எடுக்கும் பழக்கத்தைச் சிந்தாமணியும் கற்பகமும் ஏற்கெனவே உண்டாக்கி வைத்திருந்தன என்பதையும் சேர்த்துக்கொள்ள வேண்டும் என்கிறேன். நாடெங்கும் பரவிய சுபிக்‌ஷா 2009இல் இழுத்து மூடப்பட்டது. 2006இல் ஹைதராபாத்தில் ரிலையன்ஸ் ஃப்ரெஷ் வந்தது; 2007இல் ராஞ்சியில் காய்கறி வியாபாரிகள் அதன் கடைகளைத் தாக்கினார்கள், உத்தரப் பிரதேச அரசு அங்கிருந்த கடைகளை மூடச் சொன்னது. 2012இல் சில்லறை வணிகத்தில் 51 சதவீத அந்நிய முதலீட்டை அனுமதித்தபோது மத்திய அரசே முடிவை மாநிலங்களிடம் விட்டது. டில்லி சரி என்றது, தமிழ்நாடு முடியாது என்றது. ஆக, மூலதனம்கூட மாநில எல்லையில் நின்று பேசித்தான் உள்ளே வர வேண்டியிருக்கிறது.

அப்படியென்றால் நாம் எதைக் கேட்பது? பழைய கூட்டுறவுக்குத் திரும்பிப் போவதா? காமதேனுவின் காலடிக்குத் திரும்பச் சொல்லி நான் எழுத வரவில்லை. கடை யாருடையது என்ற கேள்வியை, கடையில் நிற்பவர் யார் என்ற இடத்திலிருந்து கேட்கலாம் என்கிறேன். நிற்பவர் என்று எழுத்துப்பூர்வமாகவே சொல்கிறேன். நாள் முழுக்க உட்காரவிடாமல் நிற்கவைக்கப்பட்ட கேரளத்துக் கடைப் பெண்கள் பல வருஷம் போராடி, 2018இல் உட்காரும் உரிமையைச் சட்டமாக்கினார்கள். தமிழ்நாட்டில் 2021இல் அதே சட்டம் வந்தது. கூட்டுறவு, அண்ணாச்சி, கம்பெனி என்று பாகுபாடில்லாமல் எல்லாக் கடைக்கும் அது பொருந்தும்.

நாளைக்கு உங்கள் ஊர்க் கடைக்குப் போகும்போது பில் போடுகிற பெண்ணுக்குப் பின்னால் ஸ்டூல் இருக்கிறதா என்று பாருங்கள். இல்லையென்றால் ஏன் என்று கேளுங்கள். மாவேலியின் நாட்டிலும் அது கேட்டுத்தான் கிடைத்தது.