மண்ணெண்ணெயில் ஓடின கார்களும் கொதிச்ச றேடியேற்றர்களும்

1990 ஆனியில் சண்டை திரும்பவும் தொடங்கின பிறகு யாழ்ப்பாணத்துக்குப் பெற்றோல் வரத்து நிண்டுபோச்சு. கார்கள் மண்ணெண்ணெயில் ஓடின கதையை எங்கட வீடுகளில் எல்லாரும் சொல்லுவினம். கார்பரேற்றருக்குள்ள நாலு துளி பெற்றோல் விட்டு ஸ்ரார்ட் பண்ணுறது, எஞ்சின் சூடானதும் மண்ணெண்ணெய்க்கு மாத்துறது, பின்னால வாற அந்த மணம். ஆனால் அந்த எஞ்சின்கள் பட்ட சூட்டைப் பற்றிப் பெரிசா ஆரும் கதைக்கிறதில்லை.

ஏன் ஒஸ்ரின் ஏ40, மொரிஸ் மைனர் மாதிரிப் பழசுகள்தான் தப்பினது? சிலிண்டருக்குள்ள காற்றும் எரிபொருளும் எத்தனை மடங்கு அமுக்கப்படுது எண்டதில இருக்கு விசயம். ஏ40 சொமசெற்றில் அது 7.2 மடங்கு மட்டும்தான். பின்னால வந்த ஜப்பான் கார்களில் இன்னும் கூட. அதிகமா அமுக்கினா மண்ணெண்ணெய் நேரங்கெட்ட நேரத்தில தானாப் பத்தி, எஞ்சின் 'டக் டக்' எண்டு அடிக்கும். கொட்டிலுக்குள்ள கோழி அடைஞ்ச கார்கள் திரும்ப றோட்டுக்கு வந்தது அப்பிடித்தான்.

இது எங்கட கண்டுபிடிப்பும் இல்லை. இங்கிலாந்தில் பேர்குசன் டீஈ-டி20 உழவு இயந்திரம் இதே முறையில்தான் ஓடினது: பெற்றோலில் ஸ்ரார்ட், பிறகு மண்ணெண்ணெய் வகை எரிபொருள். எஞ்சின் குளிர்ந்தா மண்ணெண்ணெய் சரியா ஆவியாகாது எண்டு றேடியேற்றருக்கு முன்னால திரைகூடப் போட்டவை. எங்கட ஆக்கள் என்ன செய்தவை? வெக்கையான ஊர்தானே எண்டு தேர்மோஸ்ராற்றைக் கழட்டி எறிஞ்சவை. அதால எஞ்சின் சூடேறப் பிந்தும். எரியாத மண்ணெண்ணெய் சிலிண்டர் சுவரால வழிஞ்சு ஒயிலோட சேரும். டிப்ஸ்ரிக்கில ஒயில் மட்டம் ஏறியிருந்தா சந்தோசப்படக் கூடாது. பெயாரிங் தேயப்போகுது எண்டு அர்த்தம்.

அந்தக் காலத்தில் கராஜ் வைச்சிருந்த என்ர பெரியப்பா, கொதிச்ச கார் வந்தா முதல் கேள்வி ஒண்டுதான் கேப்பாராம்: "நிக்கேக்க கொதிக்குதோ, ஓடேக்க கொதிக்குதோ?" நிக்கேக்க எண்டா காத்துக் காணாது: ஃபான், பெல்ற் பாக்கவேணும். ஓடேக்க எண்டா தண்ணி ஓட்டம் காணாது. யாழ்ப்பாணக் கிணத்துத் தண்ணி சுண்ணாம்புக்கல்லுக்குள்ளால வாறது. கேத்திலில் படியிற அதே வெள்ளை றேடியேற்றர் குழாய்களையும் அடைக்கும். எஞ்சினை நிப்பாட்டி, ஃபான் நிண்ட பிறகு றேடியேற்றரைக் கையால தடவினா, அடைச்ச இடம் மட்டும் குளிரா இருக்கும். எஞ்சின் ஆறியிருக்கேக்க மூடியைத் திறந்து ஸ்ரார்ட் பண்ணினதும் தண்ணிக்குள்ள விடாமல் குமிழி வந்தா, ஹெட் கஸ்கெற் போச்சு.

இதெல்லாம் எந்தப் பழைய காருக்கும் பொருந்தும். மண்ணெண்ணெய்க் காருக்கெண்டு தனியா ஒரு வருத்தம் இருந்தது. அடிக்கிற சத்தத்தை நிப்பாட்ட ரைமிங்கைப் பின்னுக்கு எடுப்பினம். பொறி பிந்தினா எரியிறதும் பிந்தும். வேலையாக மாறவேண்டிய சூடு வால்வுக்கும் தண்ணிக்கும் போகும். கார்க்காரர் றேடியேற்றரைத் திட்டுவார், பிழை டிஸ்ரிபியூற்றரில இருக்கும்.

1995 ஐப்பசி 30 இரவு, வலிகாமத்துச் சனம் முழுக்கத் தென்மராட்சிக்கு வெளிக்கிட்டது. நாவற்குழிப் பக்கம் கார் நடையை விட மெதுவாத்தான் அரக்கினது எண்டு அம்மா சொல்லுவா. எஞ்சின் மெதுவாச் சுத்தினா ஃபானும் மெதுவாத்தான் சுத்தும். முன்னால இருந்து காத்தும் இல்லை. பெரியப்பாவின்ர ஏ40 கொதிச்சு நிண்டது. காருக்குள்ள இருந்தது ஒரு கலன் தண்ணி, அம்மம்மா, மூண்டு பிள்ளையள். பெரியப்பா கலனைத் தொடவிடேல்லை.

காரை ஓரமாத் தள்ளிவிட்டு ஆறும்வரை இருந்திச்சினம். பிறகு மழை பிடிச்சது. குடையைக் கவிழ்த்துச் சேர்த்த தண்ணியைத்தான் றேடியேற்றருக்கு விட்டது. விடியச் சாவகச்சேரி.

ஒரு கிழமைக்குப் பிறகு றேடியேற்றரைக் கழட்டிக் கழுவிப் பார்த்தாராம். அடைப்பு ஒண்டுமில்லை. ரைமிங்தான், அதுவும் அவரே பின்னுக்கு எடுத்துவிட்டது.